வெண்டைச் செடில தொங்குன கத்திரிக்கா

எட்டாவதோட ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்த ஸ்கூல் மேல எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் கீது. படிப்பு வராததுக்கு இல்ல, அது என் மண்டையோட கோளாறு. எங்க சித்திக்கு அவங்க பண்ணதுக்கு.

சித்தின்னா எங்க அம்மாவோட தங்கச்சி. உத்திரமேரூர் பக்கம். ஊர்ல இளம் உழவர் மன்றம்னு ஒண்ணு, அதுல பொம்பளப் புள்ளைங்களுக்கு சித்திதான் தலைவி. நாத்து வுடறதுலேர்ந்து வேப்பங்கொட்டை கரைச்சி பூச்சிக்கு அடிக்கிற வரைக்கும் சொல்லிக்குடுக்கும். விவசாயத்துல டிப்ளமா வேற. மந்தைவெளில எங்க ஸ்கூல்ல மொட்டமாடித் தோட்டம் போட்டு புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க ஆள் வேணும்னாங்க. சித்தி எங்க வூட்ல தங்கிக்கினு வேலைக்குச் சேந்துச்சு. ராத்திரி சாப்ட்டு முடிச்சி, நாளைக்கு எடுக்கற பாடத்த நோட்ல படமெல்லாம் வரைஞ்சி எழுதும். நான் வீட்டுப்பாடமே எழுதாதவன், அதப் பாத்து சிரிப்பேன்.

ஸ்கூல்ல அதுக்கு வெச்ச பேரு தோட்டக்காரம்மா. டீச்சருங்க ரூம்ல அதுக்கு சேர் கெடயாது. மேல தண்ணித் தொட்டி நெழல்ல ஒக்காந்து சாப்டும். "இன்னாம்மா, தண்ணி ஊத்தனியா"ன்றதத் தவிர சயின்ஸ் சார் அதுகிட்ட ஒரு வார்த்த பேசுனது இல்ல. பாடம் எடுக்குதேய்யா, அது அவர் காதுல வுழாதா?

ஒரு வருஷம் போச்சு. வெளியிலேர்ந்து ஒரு மேடம் தோட்டத்தப் பாக்க வராங்க, அவங்க நல்லா கீதுன்னு சொன்னா சித்திய டீச்சராவே எடுத்துக்குவாங்கன்னு பேச்சு. சித்தி இத அம்மாகிட்ட நாலுவாட்டி சொல்லிச்சு. நாலுவாட்டியும் அம்மா புதுசா கேக்கற மாதிரி கேட்டுச்சு.

அப்ப கத்திரி காய்ப்பு முடியற நேரம். இருக்கறதுலயே நல்ல காயா பாத்து, பறிக்காம வெதைக்கு வுட்ருந்துச்சு சித்தி. ஒவ்வொரு காம்புலயும் செவப்புத் துணி கட்டி, தொடக்கூடாதுன்னு அடையாளம். எல்லாம் பழுத்து மஞ்சளா தொங்கிக்கினு இருந்துச்சு. மேடம் முன்னாடி புள்ளைங்க கையாலயே வெதை எடுத்துக் காட்றதுதான் பாடம்.

மேடம் வர்றதுக்கு மொத நாள் சாயங்காலம், சித்தி கெளம்புன அப்பறம் சயின்ஸ் சார் என்ன இட்டுக்கினு மேல வந்தாரு.

"இன்னாடா இது, மஞ்சக்காமால வந்த மாதிரி கீது. எல்லாத்தயும் பறிச்சிக் கடாசு."

அவர் கைல ஒரு பை மார்க்கெட் கத்திரிக்கா, ஒரு நூல்கண்டு. இத செடில கட்டி வுடுன்னாரு. அந்த ஸ்கூல்ல என்ன நம்பி ஒருத்தர் வேலை குடுத்தது அன்னிக்குத்தான். பின்ன வுடுவனா? சித்தி போட்டது பச்ச வரிக் கத்திரி. நான் கட்டுனது ஊதா. கடைசில மூணு மிஞ்சிச்சு. வீணாக்க மனசு வரல. பக்கத்துல வெண்டைச் செடி சும்மாதான நிக்குதுன்னு அதுல கட்டிட்டேன்.

மறுநாள் காலைல சித்திய மேல போவ வுடல. வாசல்ல கோலம் போடச் சொல்லிட்டாங்க. பாடம் எடுக்கற பொம்பளய. அதனால மேடம் கூடத்தான் அதுவும் மேல வந்துச்சு.

மேடம் நேரா வெண்டைச் செடிகிட்ட போனாங்க. கத்திரிக்காயத் தொட்டாங்க. நூலோட கைல வந்துச்சு.

"யாரோட வேல இது?"

சார் யோசிக்கவே இல்ல. "கிராமத்து ஆளு மேடம். படிப்பு கெடயாது. எவ்ளோ சொன்னாலும் ஏறாது."

சித்தி வெதைக்காய் இருந்த எடத்தப் பாத்துச்சு. வெறுங்காம்பு. அப்பறம் மெதுவா சொல்லிச்சு, "நூல் கட்டி காய்க்க வெக்கற அளவுக்கு நான் படிக்கலைங்க. படிச்சவங்களக் கேளுங்க."

மேடம், வரிசையா நின்ன புள்ளைங்க எங்க பக்கம் திரும்பி, "யாருப்பா கட்டினது? பயப்படாம சொல்லுங்க"ன்னாங்க.

சாரோட கை என் தோள் மேல. மீதி நூல் என் டவுசர் பாக்கெட்ல. நான் வானத்துல காக்கா எண்ணிக்கினு இருந்தேன். ஊர்ல ஒருத்தர வுடாம கலாய்க்கற வாய் இது. அன்னிக்கு எங்க போய்த் தொலைஞ்சிதோ.

மத்தியானமே சித்திய ஆபிஸ் ரூமுக்குக் கூப்ட்டு, நாளைலேர்ந்து வராதன்னுட்டாங்க. சாருக்கு ஒண்ணும் ஆவல. தோட்டத்துக்கு அவரே பொறுப்பாளர்னு போர்டு மாட்டுனாங்க. அவர ஒரு கேள்வி கேக்க அந்த பில்டிங்ல ஒரு ஆள் இல்ல.

எனக்கு அப்ப அது பெருசாவே படல. அதே ரூம்ல என்னயும் வாரத்துக்கு ரெண்டுவாட்டி வராதம்பாங்க. மறுநாள் அம்மா வந்து சாரி சொன்னா உள்ள வுட்ருவாங்க. சாயங்காலம் சித்தி என் கூட வூட்டுக்கு நடந்து வந்துச்சு. நான்தான் தேத்துனேன்.

"சித்தி, நாளைக்கு அம்மாவ இட்டுகினு போ. ஒரு சாரி சொன்னா முடிஞ்சிது."

சித்தி நின்னுச்சு. நூல் நுனி தொங்குன என் டவுசர் பாக்கெட்டயே பாத்துச்சு. "உங்கம்மா எதுக்குடா? நீ வந்து ஒரு வார்த்த சொல்றியா?"

அது ஏன் என்னப் போய்க் கேக்குதுன்னு எனக்குப் புரியல. நாளைக்கு எனக்கு மேட்ச் கீதுன்னேன்.