தலைவர் மொழிபெயர்த்த பொதுக்கூட்டம்

1. மாலை வாங்கப் போன முதல் நாள்

ஆசிரியர் பயிற்சி முடித்து, ஈப்போவுக்கு வெளியே கோப்பெங் போகும் சாலையில் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு வேலைக்குப் போன முதல் நாள், நான் வகுப்புக்குள்ளேயே நுழையவில்லை. தலைமையாசிரியர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "டீச்சர், பட்டணத்துல பூக்கடை எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"பஸ் ஏறிப் போயி ஒரு மாலை வாங்கிட்டு வந்துருங்க. இன்னைக்கு வாரியத் தலைவர் வாராரு. நல்லா கனமா கட்டச் சொல்லுங்க. போன தடவ மெலிசா இருந்துச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு."

எனக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான் திரும்பி வரும்வரை ஆசிரியர் இல்லாமல் கத்திக்கொண்டு கிடந்தார்கள். தலைவர் வந்தார், மாலையைப் போட்டுக்கொண்டார், போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஆசிரியராகச் செய்த முதல் வேலை அதுதான்.

வாரியம் என்றால் இந்தக் காலத்து இளம் ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பள்ளிக்கூடத்து நிலம், கட்டடம், பள்ளி எங்கே இருப்பது என்பதை எல்லாம் பார்த்துக்கொள்கிற குழு அது. முன்பு எங்கள் பள்ளி ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்துத் துரையே வாரியத்துக்கும் தலைவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது துரை ஊருக்குக் கப்பல் ஏறினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பங்கள் மலிவு வீடுகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் சிதறின. தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, நகராண்மைக் கழகம் என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள். பள்ளி மட்டும் அதே இடத்தில் நின்றது. துரையின் நாற்காலியில், லோரி கம்பெனி வைத்திருந்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் வேண்டாம். தலைவர் என்றே சொல்கிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

தலைவரின் பிள்ளைகள் மிஷன் பள்ளியில் படித்தார்கள். வாரியத்தில் இருந்த மற்றவர்களின் பிள்ளைகளும் அங்கேதான். எங்கள் பள்ளியின் விதியைத் தீர்மானித்தவர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகூட எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. தமிழைக் காக்க வேண்டும் என்று மைக்கில் பேசும்போது அந்த ஆட்களின் குரல் தழுதழுக்கும். நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

2. இதர விஷயங்கள்

எனக்கு மலாய் நன்றாக எழுத வரும் என்று தெரிந்ததும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துச் செயலாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள். சங்கத்துப் பொதுக்கூட்டம் வருஷத்துக்கு ஒரு தடவை. அதிலும் நடுநாயகமாக உட்காருவது வாரியத் தலைவர்தான்.

கூட்டம் எப்போதும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பெற்றோர்கள் வேலைக்காட்டில் நிற்கிற நேரம். "ஞாயித்துக்கிழமை வச்சா எல்லாரும் வருவாங்களே சார்," என்று ஒரு தடவை தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

"வருவாங்கதான். அதுக்குத்தான் சனிக்கிழமை வைக்கிறது," என்றார். அவர் கெட்டவர் இல்லை. பென்ஷன் வரைக்கும் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே ஆசையோடு வாழ்ந்தவர்.

நிகழ்ச்சி நிரல் வருஷா வருஷம் ஒன்றுதான். கடவுள் வாழ்த்து. வரவேற்புரை. தலைவர் உரை. தலைவர் உரைக்கு நன்றி. தேர்தல், அதாவது பழைய ஆட்களையே கைதட்டி மறுபடி உட்கார வைப்பது. கடைசியில் 'இதர விஷயங்கள்'. பெற்றோர் வாய் திறக்க இருந்த ஒரே இடம் அதுதான். அந்த இடம் வரும்போது சரியாகப் பட்டணத்திலிருந்து நானாவின் வேன் வந்து நிற்கும். நானா தமிழ் முஸ்லிம், பெரிய சாப்பாட்டுக் கடைக்காரர். அவர் அண்டாவை இறக்கியதும் பிரியாணி வாசம் மண்டபத்துக்குள் வரும்.

"கக்கூஸ் கதவு ஒடஞ்சி கெடக்குங்க. பொம்பளப் புள்ளைங்க அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வருதுங்க," என்று ஒரு தகப்பன் எழுந்து நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"பாப்போம்லா, பாப்போம். மொதல்ல சாப்புடுங்க, ஆறிப் போயிரும்," என்றார் தலைவர்.

அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. அந்தத் தகப்பனும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார். அடுத்த வருஷமும் கதவு உடைந்தேதான் கிடந்தது.

3. ஈயக்குட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளியைச் சுற்றி மிச்சம் இருந்த நிலத்தில் வீடுகள் கட்ட ஒரு கம்பெனி வந்தது. அவர்களுக்குப் பள்ளி நின்ற இடமும் தேவைப்பட்டது. பதிலுக்கு வேறு இடமும் புதுக் கட்டடமும் தருவதாகச் சொன்னார்கள். வாரியம் பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் ஏர்கோன் அறையில் கூடிச் சம்மதம் சொல்லிவிட்டது. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்கே தலைவர் வந்து சொன்னபோதுதான் தெரியும்.

"புது ஸ்கூல் டீச்சர்! மாடிக் கட்டடம்! நம்ம ஜனங்களுக்குக் கனவுலயாச்சும் கெடைக்குமா?"

"எங்க சார் இடம்?"

"அந்தப் பக்கம்தான். பெரிய ரோட்டத் தாண்டி."

என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் தாய் தனபாக்கியம். ஈப்போ ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. குரலும் பெரிது, கோபமும் பெரிது. தலைமையாசிரியர் அவள் வருவது தெரிந்தால் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். விஷயம் காதுக்குப் போனதும் நேராக என்னிடம் வந்தாள். "வாங்க டீச்சர், அந்த எடத்தப் போயிப் பாத்துட்டு வருவோம்," என்று கூட்டிப்போனாள்.

பெரிய சாலையைத் தாண்டவே வெகுநேரம் நின்றோம். லோரிகள் நிற்காமல் போயின. அவற்றில் சில தலைவருடையவை. அந்தப் பக்கம் போனால் வெள்ளை மணல். மணலுக்கு அந்தப்புறம், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டை. ஏரி மாதிரி விரிந்து பச்சையாகக் கிடந்தது. வேலி கிடையாது, பலகை கிடையாது. விளையாட்டுத் திடலுக்கென்று அடித்திருந்த முளைக்குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வகுப்பறை நீளம்கூட இல்லை.

தனபாக்கியம் முளைக்குச்சியிலிருந்து தண்ணீர் வரைக்கும் நடந்து பார்த்தாள்.

"இந்த மாதிரிக் குட்டையில விழுந்த புள்ளைங்களத் தூக்கிட்டு வருவாங்க டீச்சர். அதுங்க மூஞ்சியில துணியப் போத்துறது நாந்தான். பல்லுக்குள்ள மணலு இருக்கும்," என்றாள். பிறகு, "இங்க நான் எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். எவன் புள்ளையும் வர விட மாட்டேன்," என்றாள்.

அன்று முதல் வேலை முடிந்து வரும் வழியெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பொதுக்கூட்ட அழைப்பை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தனுப்பியது நான். செயலாளர் செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் அதுவரை யாரும் செய்ததில்லை. தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்கு எந்த ஊரு புடிக்கும்? கிரிக்கா, இல்ல இன்னும் தூரமா?"

வடக்கே காட்டோரத்தில் இருக்கிற கிரிக் மாதிரி ஊருக்கு மாற்றல் வரும் என்று சொல்கிறார். எனக்குக் கைக்குழந்தை இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அழைப்பைத் திருப்பி வாங்க மனம் வரவில்லை.

4. மூடி திறக்காத அண்டா

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. தொழிற்சாலைச் சட்டையோடு சிலர், ரோடு கூட்டுகிற உடுப்போடு சிலர், கோலா கங்சார் பக்கம் வேலைக்குப் போனவர்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். தலைவருக்கு முதலில் ஒரே சந்தோஷம். தன் உரையைக் கேட்க இவ்வளவு கூட்டமா என்று நினைத்துவிட்டார். கல்வி இலாகாவிலிருந்து ஒரு மலாய் அதிகாரி வந்திருந்தார். அமைதியான மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. தலைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

உரை நீண்டது. நன்றியுரை நீண்டது. இதர விஷயங்கள் வந்தது. நானாவின் வேனும் வந்தது.

"எல்லாரும் பசியோட இருப்பீங்க," என்று தலைவர் ஆரம்பித்தார்.

பின்னால் இருந்து தனபாக்கியத்தின் குரல் வந்தது. "பசிக்கல தலைவரே! ஒக்காருங்க!"

திரும்பிப் பார்த்தேன். அவளும் இன்னும் சில பெண்களும் அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நானாவிடம், "மூடியத் தொறக்காதீங்க நானா. பேச்சு முடியட்டும்," என்றாள்.

நானா தலைவரையும் பார்த்தார், அந்தப் பெண்களையும் பார்த்தார். "எனக்கென்ன தங்கச்சி, தம்முல எவ்வளவு நேரம் இருந்தாலும் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு வேன் படியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தார்.

தனபாக்கியம் முன்னால் வந்தாள். "ஈயக்குட்டைக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம் கட்ட யாரக் கேட்டு சம்மதம் சொன்னீங்க? ஒங்க புள்ள அங்க வந்து படிக்குமா?" என்று கேட்டாள். பின்னால் இருந்தவர்களும் சத்தம் போட்டார்கள். ரோட்டைப் பற்றிக் கேட்டார்கள், வேலியைப் பற்றிக் கேட்டார்கள். வருஷக்கணக்கில் வாயை மூடியிருந்த ஜனங்கள் மொத்தமாகத் திறந்தார்கள். அந்தக் கக்கூஸ் கதவுகூட வெளியே வந்தது.

அதிகாரி தலைவர் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். தலைவர் முகத்தில் சிரிப்பு கலையவில்லை. பெற்றோர்கள் புதுப் பள்ளிக்கு நன்றி சொல்கிறார்கள், சீக்கிரம் கட்டித் தரச் சொல்லி அவசரப்படுகிறார்கள் என்று மலாயில் பதில் சொன்னார்.

குறிப்பெடுக்க அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதையே நம்ப முடியவில்லை. நான் வாய் திறப்பதற்குள் தனபாக்கியம் மேசைக்கு முன்னால் நின்றாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மலாய் பேசுகிறவள் அவள்.

"யோவ்! நன்றியா சொன்னேன் நான்?" என்றாள். அடுத்த நொடி அதிகாரி பக்கம் திரும்பினாள். "என்சேக், சானா ஆயேர் டாலாம். பூடாக் மாத்தி." ஐயா, அங்கே தண்ணீர் ஆழம், பிள்ளைகள் சாகும் என்று சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. துணி போர்த்துவது மாதிரி இரண்டு கையாலும் காட்டினாள்.

அதிகாரி தலைவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இந்த அம்மா சொல்வது உண்மையா என்று மலாயில் கேட்டார். நான் எழுந்து நின்று, உண்மைதான், இடத்தை நானும் பார்த்தேன் என்றேன். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்குத் திடீரென்று மலாயும் மறந்துவிட்டது, தமிழும் மறந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த இடம் வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னோம். மண்டபமே கை தூக்கியது. அதிகாரி சாப்பிடாமல் கிளம்பி, நேராகக் குட்டையைப் பார்க்கப் போனார்.

5. கல்வெட்டும் காலி நாற்காலியும்

அந்த இடம் வேண்டாம் என்று இலாகா சொல்லிவிட்டது. கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே சாலைக்கு இந்தப் பக்கம் வேறு நிலம் கொடுத்தது. புதுப் பள்ளி எழுந்தது. எனக்கு மாற்றலும் வரவில்லை. மாற்றலுக்குச் சொல்ல வேண்டிய தலைவர், அந்த இடத்தை மாற்றியதே தான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததில் என்னை மறந்துவிட்டார்.

திறப்பு விழாவில் தலைவர் பெயரைத் தங்க எழுத்தில் போட்டுக் கல்வெட்டு வைத்தார்கள். அதில் 'திரப்பு விழா' என்று செதுக்கியிருந்தது. தமிழைக் காத்தவர்கள் யாருடைய கண்ணிலும் அது படவில்லை. மேடையில் தனபாக்கியத்துக்கு இடம் கிடையாது. கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றாள். "பேரப் போட்டுக்கட்டும் டீச்சர். அடுத்த கூட்டத்துல வாரியத்துக்கு நம்ம ஆளுங்கள அனுப்பிருவோம்," என்றாள். அவள் சொன்னதை நான் முழுசாக நம்பினேன்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கும் பிள்ளைகள் கையில் அழைப்பு கொடுத்தனுப்பினேன். நாற்காலிகளை முன்னைவிட அதிகமாகப் போட்டோம். வந்தவர்கள் முதல் இரண்டு வரிசையோடு சரி. அதிலும் பாதிப் பேர் தலைவரின் லோரி ஓட்டுகிறவர்கள். தனபாக்கியம் ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"எங்க டீச்சர் ஆளுங்க?"

அவளே போய்க் கேட்டாள். ஒருவருக்குக் கல்யாண வீடு. ஒருவருக்கு ஓவர்டைம். ஒருவர், "அதான் ஸ்கூலு நல்லபடியா வந்துருச்சேக்கா, இன்னும் என்ன?" என்றாராம். பெற்றோர் பிரதிநிதியாக வாரியத்துக்கு அவள் பெயரை நான் முன்மொழிந்தேன். வழிமொழிய ஒரு கை எழவில்லை. லோரி ஓட்டுகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேலைக்குக் கிளம்பினாள். அவளை நினைத்து அன்றைக்கு எனக்கு வந்த வேதனை, மாற்றல் பயத்தில்கூட வந்ததில்லை.

அந்த வருஷமே புதுத் திடலில் ஒரு மூலையை வாரியம் அந்தக் கம்பெனிக்கே வெட்டிக் கொடுத்தது. அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

இப்போது இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள், நம் பள்ளி வாரியங்களில் மட்டும் ஏன் டீச்சர் இப்படிப்பட்ட ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அந்தத் தலைவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை கிடையாது. பொய் சொன்னவர், மாலைக்கு அலைந்தவர், தன் பிள்ளையை அனுப்பாத பள்ளியை அடுத்தவன் பிள்ளையின் தலையில் கட்டப் பார்த்தவர். ஆனால் அந்த மனிதர் ஒரு கூட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஆட்கள் ஒரே ஒரு சனிக்கிழமை வந்தார்கள்.