பூஜ்யத்துக்கும் ஒரு கோட்டு

சரியாக ஒன்பது மணிக்குக் கறுப்புக் கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு கலாகே மழைமானியின் முன் குனிகிறார். நான்கு மாதமாக வானம் ஒரு பொட்டுத் துளி விடவில்லை. ஆனாலும் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் நோட்டில் பூஜ்யம் எழுதுவார். எங்கள் தைத்தா மலையில் அவ்வளவு வட்டமாகப் பூஜ்யம் போட வேறு ஆள் கிடையாது. "பூஜ்யந்தானேன்னு பாக்காம எழுதினா, நாளைக்கு மழையையும் அப்படித்தான் எழுதத் தோணும்" என்பார்.

வானிலை அலுவலகம் அவர் முற்றத்தில் அந்த மழைமானியின் செம்பு உருளையை நட்டுவிட்டுப் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. அலுவலகம் அவரை மறந்தே போயிருக்கலாம். மகள் ஞாம்புவின் கல்யாணத்தன்று பாதிரியாரைக் காக்க வைத்துவிட்டு 2.4 மில்லிமீட்டர் எழுதிவிட்டு வந்த மனிதர் இவர்.

வறட்சிக்கு அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. செல்பேசிக் கோபுரம், மேலே பறக்கும் விமானங்கள், பாதிரியாரின் நீண்ட ஜெபம். அவர் விட்டுவைத்தது ஒன்றைத்தான்: ஊற்றுக்கு மேலே அவரே வரிசையாக நட்ட நாற்பத்தொரு தைலமரங்கள். அவை பருக்கப் பருக்க, பதினெட்டு வீடு குடிக்கும் எங்கள் ஊற்று மெலிந்தது. இப்போது ஒரு கேன் நிறைய அரைமணி நேரம். வரிசையில் நின்றே நான் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டேன்.

போன மாதம் ஊற்றுக் கூட்டத்தில் மரங்களை வெட்டச் சொன்னோம். கலாகே சிரித்தார். முப்பத்தொரு நோட்டுகளையும் மேசையில் அடுக்கி, குற்றவாளி வானம்தான் என்றார். ஊற்றுக் குழுவின் தலைவி அவர் மனைவி வகேஷோதான். முதல் ஐந்து நோட்டுகளையும் கடைசி ஐந்தையும் பிரித்துவைத்துப் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தார்.

"ஞாம்பு அப்பா, அன்னிக்குப் பேஞ்ச அளவுதான் இன்னிக்கும் பேயுது. மாசம்தான் முன்னப்பின்ன மாறுது. அப்புறம் ஊத்து ஏன் வத்துச்சு? இல்ல, நீங்க எழுதினது தப்பா?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். ஆமாம், தப்பு என்று சொல்லிவிட்டால் மரங்கள் பிழைத்துவிடும். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நான் எழுதினதுல அரைச் சொட்டுகூடத் தப்பு கிடையாது" என்றார்.

அதுவரை எரிச்சலோடு பார்த்த அந்த மனிதரை எனக்கு அப்போது மிகவும் பிடித்துப்போனது.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பூஜ்யம் எழுதினார். பிறகு கோட்டைக் கழற்றி, வரிசையின் கடைசி மரத்தில் மாட்டினார். இருப்பதிலேயே பெரிய மரம் அது. கோடரியோடு முதல் மரத்துக்குப் போனார். கோட்டு தொங்கும் மரத்தில் யாரும் கைவைக்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார், நாங்களும் வைக்கவில்லை. தினமும் ஒன்பது மணிக்கு மட்டும் கோட்டு இறங்கும், மறுபடி ஏறும். ஊரே கைகொடுத்து, ஆறாம் நாளுக்குள் நாற்பது மரங்கள் சாய்ந்துவிட்டன.

ஊற்றடியில் கேன்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கலாகே அந்தக் கடைசி மரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கோட்டை எடுத்து, உதறி, வகேஷோவின் தோளில் போட்டுவிட்டுக் கோடரியை ஓங்கினார்.