ஒரகடம் ஏரிப் பூங்காவில் ஊர்ந்து வரும் கார்கள்

என் தோழி கலைவாணி போன வருடம் படப்பையில் வீடு கட்டிக் குடிபோனாள். அதிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். “ஒரகடம் தாண்டி உள்ளே ஒரு ஏரிப் பூங்கா இருக்குடி. காலையில ஆறரைக்குப் போய்ப் பாரு. காரெல்லாம் தூக்கத்துல நடக்குற மாதிரி வரும்.” எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பக்கத்துச் சாலைகளை நான் அறிவேன். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கிற இடம். அங்கே தூக்கத்தில் நடக்கிற கார்களா?

ஜனவரியில் அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு, குரோம்பேட்டை வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். ஞாயிறுதானே வசதி என்று கேட்பீர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாளில்தான் போகவேண்டும் என்று கலைவாணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகப் படப்பை வரை இருபத்தோரு கிலோமீட்டர். மண்ணிவாக்கம் தாண்டியதுமே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. படப்பையில் ஐந்தே முக்காலுக்கு ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து ஒரகடம் சந்திப்பு பத்து கிலோமீட்டர். பின்னால் வரும் லாரியின் வெளிச்சம் முதலில் பனியில் மஞ்சளாகக் கசிந்து, பிறகு என்னைச் சுற்றிப் பரவி, கடைசியில் சத்தமாக மாறிக் கடந்துபோகும். அடுத்த லாரி வரும்வரை ஒன்றுமே இல்லை. என் டயர் சத்தம் மட்டும். இப்படி அரை மணி நேரம் ஓட்டியதில், நான் எங்கே போகிறேன் என்பதே பாதி மறந்துவிட்டது.

சந்திப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே திரும்பினால் பூங்கா. உண்மையில் அது ஏரிக்கரைதான். கரையின் மேல் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தார்ச்சாலை. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் புங்க மரங்களும் சிமெண்டுப் பெஞ்சுகளும், அதற்கப்பால் தொழிற்பேட்டையின் நீண்ட மதில். மெயின் ரோட்டில் சுற்றிப் போனால் நாலு கிலோமீட்டர், கரைமேல் வந்தால் ஒன்று. அதனால் கார்களும் பைக்குகளும் இதையே குறுக்கு வழியாக வைத்திருக்கின்றன. ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இங்கேதான் போகிறார்கள். இரவு வேலை முடிந்து நடந்து திரும்புகிறவர்களும், காலையில் கைவீசி நடக்க வருகிற ஒரகடத்துக்காரர்களும் இதே இடத்தில்தான். நடைபாதை கிடையாது, வேகத்தடை கிடையாது, அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது.

ஆறு இருபத்தைந்துக்கு நான் கரைமேல் ஏறியபோது ஏரி தெரியவில்லை. ஏரி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. அதற்குள்ளிருந்து நாமக்கோழிகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் முன்னால், பனிக்குள், சின்னச் சின்னச் சிவப்பு வெளிச்சங்கள். கார்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறு. ஒன்றன் பின் ஒன்றாக, மனிதர் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. முதல் காரின் இரண்டு பக்க இண்டிகேட்டரும் விட்டு விட்டு மின்னின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. யாரோ இறந்துபோய்விட்டார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. பதினோரு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். காரோட்டிகளைத் திட்டி இதே வலைப்பூவில் எத்தனை பதிவு போட்டிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, எனக்கோ இடது பக்கம் நாலடி இடம் திறந்து கிடந்தது. கியரை மாற்றி மிதித்தேன். ஒவ்வொரு காராகப் பின்னால் விழுந்தது. குளிர்ந்த காற்று, வெள்ளைப் பனி, மெதுவாக நகரும் வெளிச்சங்கள் என்று ஏதோ கனவில் மிதப்பதுபோல் இருந்தது. ஆறாவது காரையும் தாண்டினேன்.

அங்கே சாலை கொஞ்சம் வளைகிறது. வளைவில் ஒரு பெண் ஏரியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பிரேக் பிடித்தேன், ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. என் ஹேண்டில்பார் அவளுடைய வலது கையில் இடித்தது. நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விழுந்தோம். அவள் கையிலிருந்த டிபன் டப்பா கரைச் சரிவில் உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்து, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரல் வரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை அதுவரை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

முதல் காரின் ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், காக்கிச் சட்டை. “யம்மா முத்துலட்சுமி! அதே கையா?” என்றார் அவளிடம். அவள் தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை.

“மேடம், நாங்க இன்னாத்துக்கு இப்டி ஊர்ந்துகினு வர்றோம்னு நெனச்சீங்க?”

நான் எழுந்து சைக்கிளை ஓரமாக நிமிர்த்தினேன்.

காரில் இரண்டு இன்ஜினியர்கள் இருந்தார்கள். “கேட் பக்கத்துலதாண்ணே, நாங்க நடந்துக்கிறோம். நீங்க கூட்டிட்டுப் போங்க” என்று இறங்கிக்கொண்டார்கள். சைக்கிளைப் புங்க மரத்தில் பூட்டிவிட்டு நானும் ஏறினேன். ஓட்டுநர் பெயர் ஏழுமலை, ஒரகடத்துக்காரர், கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறார். கரையைவிட்டு இறங்கும்வரை அவர் வேகத்தைக் கூட்டவே இல்லை.

சந்திப்பில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுப்பவர் ஏழரைக்குத்தான் வருவார் என்றார்கள். ஐம்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முத்துலட்சுமிக்கு இருபத்து மூன்று வயது, சங்கரன்கோவில் பக்கம். கார்களுக்குள் போகும் வயர்க் கட்டுகளைச் சேர்க்கிற கம்பெனியில் வேலை. ஊசி முனை அளவு துளையில் வயரைச் செருக வேண்டும், ஒரு நிமிடத்தில் இத்தனை என்று கணக்கு. கை நின்றால் வேலை நின்றது.

“வலிக்குதா?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டேன்.

“வலி இருக்கட்டும்க்கா. உள்ள பிளேட்டு வச்சிருக்கு. அது நவுந்திருக்குமோன்னுதான் யோசிக்கேன்.”

“எப்போ வச்சது?”

அவள் ஏழுமலையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான்தான் மேடம் இடிச்சது. எட்டு மாசம் ஆச்சு. அதே வளைவு. அன்னிக்குப் பனிகூட இல்ல. மூணாவது டிரிப்பு, லேட்டாயிச்சுன்னு அம்பதுல வந்தேன். சைடு கண்ணாடி இவங்க கைல பட்டுத் தெறிச்சிடுச்சு. கண்ணாடி போச்சேன்னுதான் மேடம் மொதல்ல நெனச்சேன். ஆளு விழுந்துகீதுன்றது அப்புறந்தான் மண்டைல ஏறுச்சு. அதான் எனக்கு இன்னிக்கும் வெக்கமா கீது.”

“ஆனா நின்னாங்கல்லாக்கா” என்றாள் முத்துலட்சுமி. “ரோட்டுல ஒருத்தரும் இல்ல. போயிருக்கலாம். நின்னு, தூக்கி, ஆசுபத்திரியில சேத்து, எங்க அம்மைக்குப் போன் போட்டதும் இவியதான்.”

இரண்டு மாதம் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. ஒப்பந்த வேலை என்பதால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். கட்டு பிரித்தபின் ஹாஸ்டல் அறையில் பழைய வயர்த் துண்டுகளை வைத்துப் பழகிப் பழகி, வேறொரு கம்பெனியின் சோதனையில் தேறித்தான் மறுபடி உற்பத்தி லைனில் நின்றிருக்கிறாள்.

ஏழுமலை அவளை இடித்த மறுநாளே அந்தக் கரையில் நடை வேகத்தில் வண்டி ஓட்ட ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள், ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். “ஒருத்தன் எறங்கி வந்து சட்டைய புட்சிட்டான் மேடம். ‘என்னைத் தாண்டி நீ போவலாம், ஆனா ஒண்ணு, ஆளு மேல ஏத்துனா அந்தச் சத்தம் ஆயுசுக்கும் காதுல கேட்டுகினே இருக்கும்’னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? அவன் போயிட்டான். அடுத்த வாரம் பார்த்தா அவனும் என் பின்னாடி மெதுவா வந்துகினு இருந்தான்.” இப்படி ஒருவர், இன்னொருவர் என்று மெல்லப் பழக்கமாகிவிட்டது. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை, கரைமேல் யார் முதலில் வருகிறாரோ அவர் இண்டிகேட்டரைப் போட்டு ஊர்வார். மற்றவர்கள் பின்னால்.

நான் முத்துலட்சுமியிடம் கேட்டேன். அப்படி அடிபட்ட இடத்தில் மறுபடி ஏன் நடக்கிறாய்? கம்பெனி பஸ் இல்லையா?

“பஸ்ஸு மெயின் ரோட்டோட நின்னுரும்க்கா. அங்கன இருந்து லாரிக்கு நடுவுல நடக்கணும். அதவிட இது தேவல.” பிறகு தயங்கிச் சொன்னாள். “ராத்திரி பூரா வெள்ள லைட்டுக்குக் கீழ நிக்கோம். அந்தத் தண்ணிய செத்த நேரம் பாக்காம ரூமுக்குப் போனா தூக்கம் வரமாட்டேங்கு. பயந்துக்கிட்டு அத விட்டுற முடியுமா?”

எக்ஸ்ரே வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகடு நகரவில்லை. வெறும் சதை வீக்கம். இரண்டு நாள் ஓய்வு போதும் என்றார். முத்துலட்சுமி வெளியே வந்து சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதாள். ஏழுமலை டீ வாங்கப் போய்விட்டார். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, மன்னித்துவிடு என்றேன். “நீங்களும் நின்னுட்டீயல்லா” என்றாள். அந்த ஆறுதலுக்கு எனக்குத் தகுதி இருந்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டரைக்குக் கரைக்குத் திரும்பினோம். பனி விலகி ஏரி முழுசாக வெளியே வந்திருந்தது. எதிர்க்கரையில் நத்தைக்குத்தி நாரைகள் வரிசையாக நின்றன. ஒரு தொழிற்சாலையின் நீலக் கூரை தண்ணீரில் அலுங்காமல் கிடந்தது. ஏழுமலை சரிவில் இறங்கி, கோரைக்குள் கிடந்த டிபன் டப்பாவை எடுத்துவந்தார். மூடி மட்டும் நெளிந்திருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கரையின் கோடி வரை நடந்தேன். பத்தொன்பது நிமிடம் ஆனது. அவ்வளவுதான் வித்தியாசம். மிதித்திருந்தால் நாலு நிமிடம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். தாம்பரத்திலிருந்து ஒரகடம் சந்திப்புக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், ஏரிக்கரை என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை பனி நன்றாக இருக்கும். கரைமேல் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். இட்லிக்குச் சந்திப்புக்குத்தான் வரவேண்டும். ஏழரைக்குப் பிறகு கார்கள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகின்றன, அப்போது புங்க மரங்களின் பக்கம் ஒதுங்கி நடப்பது நல்லது. சைக்கிளில் போகிறவர்களுக்கு: கார்களுக்குப் பின்னால் வரிசையில் போங்கள். இடது பக்கம் காலியாக இருப்பது நமக்காக இல்லை, நடக்கிறவர்களுக்காக. மணி அடித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பனியில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இதைப் பதிவேற்றும் முன் இன்னொரு தடவை போய்வந்தேன், மூன்று வாரம் கழித்து, பேருந்தில். முத்துலட்சுமி ஷிப்ட் முடிந்து வந்து கரை முனையில் சேர்ந்துகொண்டாள். கை சரியாகிவிட்டது, லைனில் வழக்கம்போல் நிற்கிறாள். இருவரும் நடந்தோம். அன்றும் நல்ல பனி. வளைவுக்குப் பக்கத்தில் போகும்போது பின்னாலிருந்து இண்டிகேட்டர் வெளிச்சம் எங்கள் காலடியில் விழுந்து விழுந்து மறைந்தது.

“ஏழுமலை அண்ணன் வந்துட்டார்” என்றேன்.

“அவிய இன்னிக்கு லீவுக்கா. மகளப் பொண்ணு பாக்க வாராங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். சின்னச் சிவப்புக் கார். ஓட்டி வந்தவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பின்னால், பனியில் மங்கலாக, நாலைந்து கார்கள், இரண்டு பைக்குகள், வரிசையிலேயே ஒரு சைக்கிள். முத்துலட்சுமி திரும்பவில்லை. வளைவில் நின்று, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் காரும் நின்றது. அவள் பார்த்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றோம்.