கரண்டு வந்தால் சோலைராஜ் பேசுவான்

வைகுண்டராஜ் எதையும் லேசில் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு மச்சில் எரிந்துபோன மோட்டார், வாய் பிளந்த ரேடியோ, டயல் உடைந்த போன் என்று கால் வைக்க இடம் இருக்காது. வீட்டுக்காரி சத்தம் போட்டால், "கெடந்துட்டுப் போகுது, ஒங்கிட்ட சோறா கேக்குது?" என்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் குணம் ஒரு தடவை அவரை ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் வயர்மேனாகச் சேர்ந்தவர் அவர். தபாலில் ரேடியோ பாடம் படித்தார், பிறகு தட்டுத் தடுமாறிக் கம்ப்யூட்டர் படித்தார். யாரிடமும் அதிகம் வாய் கொடுக்க மாட்டார். மில்லில் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதம், ஆட்கள் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸில் இருந்த சோலைராஜ். அவன் நேர் எதிர். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவன், கணீரென்ற குரல், வாயைத் திறந்தால் கேலி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால், லீவு போட்டுவிட்டு ஒரே சைக்கிளில் போவார்கள்.

தொண்ணூற்றேழில் மானேஜர் ஒரு வேலை சொன்னார். ஷிஃப்ட் மணியும் அறிவிப்பும் ஆள் இல்லாமல் தானாக வர வேண்டும். வைகுண்டராஜ் பழைய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். ஹார்டு டிஸ்க் வைத்தால் பஞ்சுத் தூசி தின்றுவிடும் என்பதால், கட்டைவிரல் அகலச் சிப் ஒன்றில் லினக்ஸை ஏற்றினார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள் அது; பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து எடுத்தது. அதற்குத் தேவையான அத்தனை கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். ரூட் இமேஜ் என்று அதற்குப் பெயர். மிஷின் எழுந்ததும் முதலில் அதைத்தான் தேடும். ஊருக்குக் கட்டிக்கொண்டு போகிற கட்டுச்சோறு மாதிரி, கிளம்பும்போது வைத்ததுதான். வழியில் உப்பு போதவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டும்போதே பல விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு இடம், சுருக்கிக் கட்டுவதா அப்படியே வைப்பதா, ஓடும்போது அதில் எழுத விடுவதா, படிக்க மட்டும் விடுவதா. முதலில் அவர் எழுத விட்டுத்தான் கட்டினார். நம் ஊர்க் கரண்டு சும்மா விடுமா? எழுதிக்கொண்டிருக்கும்போதே போயிற்று. திரும்பி வந்தபோது கோப்புகள் குலைந்து கிடந்தன. மிஷின் எழாமல் திரையில் எதையோ கேட்டுக்கொண்டு நின்றது. மணி அடிக்கவில்லை, ஷிஃப்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள், மானேஜர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்.

அப்புறம்தான் மாற்றிக் கட்டினார். இமேஜைச் சுருக்கிச் சிப்பில் பூட்டி வைப்பது. கரண்டு வரும்போதெல்லாம் அதன் நகலை ரேம் என்கிற தற்காலிக நினைவில் விரித்து ஓட்டுவது. ஓடும்போது என்ன எழுதினாலும் அழித்தாலும் நகலில்தான். கரண்டு போனால் அதெல்லாம் போய்விடும். மறுபடியும் எழும்போது கட்டிய அன்றைக்கு இருந்தபடியே எழும்.

இதைக் கேட்டுச் சோலைராஜ் சிரித்தான். "அப்போ நடுவுல நடந்தது ஒண்ணும் அதுக்கு ஞாபகம் இருக்காதா? ஏலே வைகுண்டம், குடுத்துவச்ச மிசினுலே அது!"

அறிவிப்புக்குக் குரல் கொடுத்தவனும் அவன்தான். "முதல் ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வரவும்" என்று அச்சடித்த தமிழில் எல்லாவற்றையும் பேசினான். கடைசியில், மிஷின் எழுந்ததும் ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி வேண்டும் என்றார் வைகுண்டராஜ். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சோதனை, சோதனை. சோலைராஜ் பேசுறேன். ஜெயா, தூக்குச்சட்டி கொண்டாந்தியா?" என்றான்.

ஜெயா என்பது அவன் மனைவி ஜெயபாய். அதே மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங்கில் வேலை. அவன் விடியலிலேயே வந்துவிடுவான்; சாப்பாடு அவள் வரும்போதுதான் வரும். அந்த வரியையும் இமேஜில் வைத்துக் கட்டிவிட்டார் வைகுண்டராஜ். அதற்குப் பிறகு கரண்டு போய் வரும்போதெல்லாம் மில் முழுக்க அந்தக் கேள்வி கேட்கும். "கொண்டாந்துட்டேன், வந்து தொலைங்க!" என்று வைண்டிங்கிலிருந்து ஜெயபாய் கத்துவாள். கேட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கரண்டு போனதற்காகச் சந்தோஷப்பட்ட மில் அது ஒன்றுதான் இருக்கும்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் சோலைராஜுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை, பத்தியம் என்று நாளைக் கடத்திவிட்டு, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை பாவிக்கு. வைகுண்டராஜ் அடக்கத்துக்குப் போய் வந்தார்.

பெட்டிக்கு அது தெரியாது. காலையில் "முதல் ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வரவும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஆட்கள் ஒரு நிமிஷம் நின்று, மூச்சை இழுத்துவிட்டு உள்ளே போனார்கள். "அவரு கொரலு அப்படியே இருக்கட்டும், அதுதான் மரியாதை" என்றார் மானேஜர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வைகுண்டராஜுக்கும் அது பிடித்திருந்தது. குரல் பெட்டிக்குள் இருக்கிறவரை சோலைராஜ் இன்னும் வேலையில் இருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய ஜெயபாய் மட்டும், ஷிஃப்டு நேரத்தில் எதிர்த்த டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றாள். அறிவிப்பு முடிந்து வாசல் அடங்கிய பிறகுதான் உள்ளே வருவாள். தினமும் லேட்டு. புருஷன் போனதும் கடைப்பக்கம் நிற்கிறாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். சூப்பர்வைசர், இனிமேலும் இப்படி வந்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் அவள் எலக்ட்ரிக்கல் ரூமுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடப்படாது. அந்தப் பெட்டியிலருந்து அவிய கொரல எடுத்துருங்க."

வைகுண்டராஜ் திகைத்துப் போனார். "மரியாதைக்குத்தானம்மா வச்சிருக்கு."

"மரியாதைன்னுதான் அம்புட்டுப் பேரும் சொல்லுதாவ. எனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. ராத்திரி பூரா அழுது முடிச்சு, மனசக் கட்டிக்கிட்டுக் காலையில வாரேன். வாசல்ல வச்சு அவிய கூப்பிடுதாவ. நான் எங்க போவேன் சொல்லுங்க. இந்த வேலையும் இல்லாட்டி எம்பிள்ளைய எப்படி வளப்பேன்?"

"எடுத்துருதேன், நீ போம்மா" என்றார்.

எடுத்தார். ஆனால் எங்கே எடுத்தார் என்பதுதான் விஷயம். ஓடிக்கொண்டிருந்த நகலில் குரல் கோப்புகளை அழித்தார். மணி மட்டும் அடித்தது. சிப்பில் இருந்த இமேஜை அவர் தொடவில்லை. அதைப் புதிதாகக் கட்டி ஏற்றாதவரை இந்த அழிப்பு கரண்டு இருக்கிறவரைக்கும்தான் என்று அந்த ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்த மழைக்காலத்தில்தான் பெட்டிக்கு ஒரு பேட்டரி மாட்டியிருந்தார்; கரண்டு போனாலும் அது தாங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்குக் கை வரவில்லை. ஜெயபாயிடம் "அழிச்சிட்டேம்மா" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாளிலிருந்து நேரத்துக்கு வந்தாள், வைண்டிங்கில் இரண்டு வார்த்தை பேசவும் தொடங்கினாள்.

தை பிறந்த சமயம், ஒருநாள் காலையில் போன கரண்டு வெகுநேரம் வரவே இல்லை. பேட்டரி இறங்கிப் பெட்டி அணைந்தது. மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது விளக்கு எரிந்தது. பெட்டி எழுந்தது.

"சோதனை, சோதனை. சோலைராஜ் பேசுறேன். ஜெயா, தூக்குச்சட்டி கொண்டாந்தியா?"

ஜெயபாய் கையில் பிசைந்த சோறோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை உதறிவிட்டு எழுந்து நேரே வைகுண்டராஜிடம் வந்தாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியளே அண்ணாச்சி."

இமேஜ், நகல், ரேம் என்று அவளிடம் சொல்லலாம்தான். ஆனால் நடந்தது அது இல்லையே. "மனசு வரலம்மா" என்றார்.

"ஒங்களுக்கு மனசு வரலன்னா நான் நெதம் சாகணுமா?"

அந்தக் கேள்வி அவரைக் கொன்றே போட்டது. அன்றைக்கே வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூட்டைக்குள் போகிற கோப்புகளில் குரல் இருந்த டைரக்டரியையே நீக்கினார். ஸ்பீக்கர் சோதனைக்கு மணியையே வைத்தார். இமேஜின் அளவைக் குறைத்தார். சுருக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆமாம். படிக்க மட்டுமா, ஆமாம். கட்டச் சொல்லிவிட்டு, அதே கம்ப்யூட்டரில் இருந்த சோலைராஜின் மூலப் பதிவையும் தேடி அழித்தார். எதையும் தூக்கிப் போடாத மனுஷன் திரையைப் பார்த்தபடி வாய்விட்டு அழுதார். "கோச்சுக்கிடாதலே சோலை" என்றார்.

மறுநாள் புதுச் சிப்பை மாட்டினார். வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டார், மறுபடியும் அணைத்துப் போட்டார். மணி மட்டும் அடித்தது. பழைய சிப்பைக் கொண்டுபோய் ஜெயபாயிடம் நீட்டினார்.

"இதுல மட்டுந்தான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. ஒன் இஷ்டம், ஒடச்சுப் போட்டாலும் சரி."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். "அவிய கொரலு வேண்டாம்னு நான் சொல்லல அண்ணாச்சி. எனக்குக் கேக்கணும்போல இருக்கையில கேட்டாப் போதும்" என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் கிருபாபாயைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தாள். "அப்பா கொரலு மறந்துபோச்சுன்னு அழுதா அண்ணாச்சி" என்று கைக்குட்டையை அவிழ்த்தாள். வைகுண்டராஜ் மச்சில் ஏறி, அதே மாதிரி போர்டு ஒன்றையும் ஒரு ஸ்பீக்கரையும் தேடி எடுத்து வந்து தூசி தட்டினார். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சிப்பை மாட்டினார். "நீயே போடும்மா" என்றார்.

ஜெயபாய் சுவிட்சைப் போட்டாள். இமேஜ் விரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சோதனை, சோதனை. சோலைராஜ் பேசுறேன். ஜெயா, தூக்குச்சட்டி கொண்டாந்தியா?"

கிருபாபாய் அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டாந்துட்டேன்" என்றாள் ஜெயபாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே கை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள்.