ஏரித் தண்ணீரும் ஆறடிக் குழாயும்: உத்திரமேரூர் பக்கம் ஒன்றரை நாள்

கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்தவுடன் குனிந்து அள்ளிக் குடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். போன ஐப்பசி வரை நானும் அந்த ஆசாமிதான்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி. அமாவாசையன்று தறி ஓட்டமாட்டார்கள். அந்த நாளோடு இன்னொரு நாள் லீவும் சேர்த்து நாங்கள் ஆறு பேர் சைக்கிளில் எங்காவது போய் முகாம் போட்டு, மறுநாள் சாயங்காலம் திரும்புவது வழக்கம். ஆறு பேரில் நான் ஒருவன்தான் தறிக்கும் பட்டுக்கும் சம்பந்தமில்லாதவன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். அதனாலேயே இயந்திரம், தண்ணீர், மருந்து என்று எதைக் கேட்டாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் தெரிந்தது தெரியாதது எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவேன்.

ஐப்பசி அமாவாசைக்கு உத்திரமேரூர் தாண்டி ஒரு ஏரிக்குப் போயிருந்தோம். ஏகாம்பரம் கையில் செம்பை வைத்துக்கொண்டு, "குடிக்கலாமாபா?" என்று கேட்டான். "தண்ணி எவ்ளோ தெளிவா இருக்குது பாரு. சும்மா குடிடா," என்றேன். குடித்தான். பதினோராம் நாள் காய்ச்சல். டைபாய்டு. ஆறு வாரம் படுக்கை.

அவன் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கென்று குறுக்கு நூல் ஓட்டும் தனி நாடா போடத் தறியில் பக்கத்திலேயே இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அவனுக்கு அந்த இன்னொரு ஆள் அவன் மனைவி சரசு. அவன் படுத்ததும் தறி நின்றது. பாதி நெய்த புடவை ஆறு வாரமும் தறியிலேயே கிடந்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சரசு அந்தப் புடவை மேல் தூசி விழாமல் துணி போர்த்திக்கொண்டிருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இந்த மாசி அமாவாசைக்கு ஏகாம்பரம் மறுபடி கிளம்புகிறேன் என்றான். அதே ஏரிக்குத்தான் போக வேண்டும் என்று வேறு பிடிவாதம். சரசு என்னைக் கூப்பிட்டு அனுப்பியது.

"ண்ணா, அவரு போவட்டும். ரெண்டு மாசமா ஜன்னலையே பாத்துக்கினு கிடந்த மனுசன். ஆனா வடிகட்டாத தண்ணி ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது. நீங்க சொல்லுங்க, நான் அனுப்பறேன்."

சொன்னேன். சொல்லிவிட்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன்.

வாங்கியது இவ்வளவுதான்: தண்ணீர் வடிகட்டும் பீங்கான் கேண்டில் ஒன்று எட்டு ரூபாய், ஆறடி ரப்பர் குழாய் மூன்று ரூபாய், வாஷரும் நட்டும் முக்கால் ரூபாய். பத்து லிட்டர் இரும்பு பக்கெட் வீட்டில் இருந்தது. அடியில் துளை போட்டு, கேண்டிலின் காம்பை அதில் விட்டு வாஷர் வைத்து இறுக்கி, காம்பில் குழாயை மாட்டினால் வேலை முடிந்தது. வீடுகளில் இருக்கும் இரண்டடுக்குப் பாத்திர வடிகட்டி ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பக்கெட்டை மரக்கிளையில் உயரக் கட்டிக் குழாயைக் கீழே தொங்கவிட்டால், குழாயில் நிற்கும் தண்ணீரின் கனமே கேண்டில் வழியாகத் தண்ணீரை இழுக்கும். உயரம் கூடக் கூட வேகம் கூடும். வீட்டு மாடிப்படியில் கட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர். பம்பு வேண்டாம், கையால் அடிக்க வேண்டாம். ஆறு பேருக்குத் தாராளம்.

அமாவாசையன்று காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். உத்திரமேரூர் 28 கிலோமீட்டர்; எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் நிலையத்தின் எதிரில் இட்லி, வடை, காபி, ஆளுக்கு எழுபது பைசா. அங்கிருந்து ஏரி 9 கிலோமீட்டர், கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. சைக்கிளைத் தள்ளித்தான் போக வேண்டும். பத்து மணிக்கு ஏரிக்கரையோர மாந்தோப்பில் இறங்கினோம். தங்குவதற்குக் காசு வாங்கமாட்டார்கள். காவல்காரர் எத்திராஜிடம் சொல்லிவிட்டால் போதும். ஒரே கட்டளை, தோப்பிலும் கரையிலும் விறகு மூட்டக்கூடாது. முந்தின கோடையில் யாரோ மூட்டிய அடுப்பில் முப்பது மாங்கன்று கருகிப் போயிற்றாம். மண்ணெண்ணெய் ஸ்டவ் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசியில் தெளிவாக இருந்த ஏரி இப்போது பாதி வற்றி, மாடுகள் இறங்கிக் கலக்கி, காபி நிறத்தில் கிடந்தது. இதை அப்படியே ஊற்றினால் கேண்டில் அரை மணியில் சேறு பூசிக்கொண்டு அடைத்துவிடும். மேலே ஒரு முன்வடிகட்டி வேண்டும். துண்டை நான்காக மடித்து வைத்துப் பார்த்தேன். சேறு பாதி இறங்கியது. ஏகாம்பரம் தன் படுக்கை மூட்டையைக் கட்டியிருந்த நூல் பந்தை அவிழ்த்து நீட்டினான். நூல் முறுக்கும் ஆலையில் கழித்துப் போடும் கச்சாப் பட்டு, சாயத்துக்கே போகாதது.

"வெளுத்த பட்டு வழவழன்னு படுத்துக்கும்பா. இது விறைப்பா நிக்கும். இத்த அமுக்கி வச்சா ஒரு தூசி இறங்காது."

நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். ஆனால் சைக்கிளில் கட்டி வந்த நூலாயிற்றே, கிருமி இருக்குமே? சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு செம்பு கொதிநீரை எடுத்து அந்தப் பட்டுப் பந்தின் மேல் ஊற்றினேன், பக்கெட்டுக்குள் வைத்தபடியே. டிப்ளமா படித்தவன் அல்லவா.

ஏரித் தண்ணீரைச் சேர்த்ததும் குழாயில் முதல் டம்ளர் பத்து நிமிடத்தில் வந்தது. இரண்டாவது இருபது. மூன்றாவது பாதியில் நின்றது. மணி ஒன்றரை. பக்கெட்டை இறக்கிக் கேண்டிலைத் தொட்டால் விளக்கெண்ணெய் தடவிய மாதிரி வழுக்குகிறது. தேய்த்தேன், ஊதினேன், குழாயை உறிஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஏகாம்பரத்துக்குச் சரசு கொடுத்தனுப்பிய இரண்டு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டிருந்தது. வந்த இரண்டரை டம்ளரையும் அவனுக்கே கொடுத்தோம். வெயிலில் 37 கிலோமீட்டர் மிதித்து வந்தவனுக்கு அது எந்த மூலைக்கு? உதடு வெளுத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். எத்திராஜ் ஏரியில் ஒரு செம்பு மொண்டு எங்கள் எதிரிலேயே கடகடவென்று குடித்தார்.

"இத்த குடிச்சிட்டுத்தான் சார் நான் கல்லு மாதிரி நிக்கிறேன். அதுல என்னா சார் கிடக்குது?"

"நீ கல்லு, தலைவரே. நான் பட்டு," என்றான் ஏகாம்பரம். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. நாலு மாதம் முன்னால் நான் சொன்னதைத்தானே அவர் சொல்கிறார்.

சாயக்காரப் பெருமாள் எங்கள் குழுவில் அதிகம் பேசாதவன். கேண்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்ஜினியரே, கச்சாப் பட்டு மேல கொதிதண்ணி ஊத்துனியா?"

"ஆமா. கிருமி போவட்டும்னு."

"கிருமி போச்சோ இல்லியோ, பசை பூரா கேண்டிலுக்குள்ள பூடுச்சு. பட்டுல இருக்கிற பசை கொதிதண்ணிலதான்டா கரையும். நாங்க சாயம் போடறதுக்கு முன்ன செய்யறதே அதான்."

"எங்கிட்ட வர்ற பட்டு பசை எடுத்துதான் வரும். எனக்கு இன்னா தெரியும்?" என்றான் ஏகாம்பரம், நூலைக் கொடுத்தவன் அவன்தான் என்பதால் என்னைக் காப்பாற்றும் குரலில்.

ஸ்டவ்வை ஆட்டிப் பார்த்தேன். ஒரு கொதி கொதிக்க மட்டும் எண்ணெய் இருந்தது. "ஒரு பானை தண்ணி கொதிக்க வச்சு இவனுக்குக் கொடுத்துட்டு, நான் உத்திரமேரூர் போய் எண்ணெய் வாங்கிட்டு வர்றேன்," என்று சைக்கிளை எடுத்தேன். பெருமாள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"அமாவாசைக்குக் கடை மத்தியானமே மூடிடுவான். ஒரு பானை கொதிச்சா ராத்திரி வரைக்கும் தாங்குமா? நாளைக்கு? கேண்டிலையே கொதிக்க வை. சோப்பு சீவிப் போட்டா பசை கழண்டுக்கும். ரெண்டு நாளும் தண்ணி வரும்."

"வரலைன்னா? கொதிக்க வைக்கவும் எண்ணெய் இருக்காதே."

பெருமாள் ஹேண்டில்பாரை விட்டான். நான் முதல்முறையாக எனக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னேன். "ஏகாம்பரம், எனக்கு நிச்சயமாத் தெரியலடா. நீ சொல்லு."

அவன் பெருமாள் பக்கம் கையைக் காட்டினான். "பெருமாள் பசை எடுத்த நூலுதான் பதினஞ்சு வருசமா என் கையில ஓடுது. கேண்டிலையே போடு."

இருபது நிமிடம் சோப்புத் தண்ணீரில் கொதித்தது. ஸ்டவ் அணையும்போது பாத்திரத்தில் நுரை பழுப்பாக மிதந்தது. கேண்டிலைக் கழுவி மாட்டினேன். பட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியை எட்டாக மடித்துப் போட்டோம். பக்கெட் கிளைக்கு ஏறியது. குழாய் முனையைச் சுற்றி ஆறு பேரும் குந்தி உட்கார்ந்தோம்.

ஒன்றுமில்லை. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு. அடுத்தது. ஏகாம்பரம் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான், இழை எண்ணுகிற மாதிரி. நூறு தாண்டியதும் சொட்டு சேர்ந்து நூலாகிவிட்டது.

சோப்பு வாசனை போக முதல் மூன்று டம்ளரைக் கொட்டினோம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அந்த அரை மணியும் ஏரி இருபது அடி தூரத்தில்தான் கிடந்தது. மற்ற நால்வரும் வருடக்கணக்காக அந்த மாதிரித் தண்ணீரைக் குடித்தவர்கள். காலையிலிருந்து அவர்களுக்கும் தாகம்தான். ஒருவனும் எழுந்து போகவில்லை. நான்காவது டம்ளரை ஏகாம்பரம் வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டான், "குடிக்கலாமாபா?"

ஐப்பசியில் கேட்ட அதே கேள்வி. நான் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "குடிடா," என்றேன்.

அப்புறம் மறுநாள் மத்தியானம் வரை குழாய் நிற்கவே இல்லை. இரவெல்லாம் பானையில் சேர்ந்தது. நல்ல தூக்கம், நல்ல காற்று, நீர்க்கோழிகள் ஏராளம். மூன்று மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு வீடு சேர்ந்தோம். ஏகாம்பரம் வீட்டு வாசலில் நின்று சரசுவிடம் நடந்தது அத்தனையும், கொதிநீர் ஊற்றியது உட்பட, சொன்னேன். அது கேட்டுக்கொண்டது. பக்கெட்டை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னது.

நீங்கள் இப்படிக் கூட்டமாகப் போவதாக இருந்தால் சில விஷயங்கள். கலங்கல் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் படிகாரம் சுற்றி ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலாக எடுத்து ஊற்றுங்கள். நான் அவசரத்தில் படிகாரமே எடுத்துப் போகவில்லை. வடிகட்ட நன்றாகத் துவைத்த பழைய பருத்தித் துணி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அதுவும் அடைக்கும். குழாய் முனை தரையில் படக்கூடாது. ஏரித் தண்ணீர் மொள்ளும் செம்பும் குடிக்கும் செம்பும் வேறு வேறாக இருக்கட்டும். கேண்டில் இரண்டாக எடுத்துப் போங்கள், எட்டு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள். கேண்டிலில் விரிசல் கண்டால் நம்பாதீர்கள். டைபாய்டு வந்து தேறியவர் கூட இருந்தால் கொதிக்க வைக்க எண்ணெயும் கூடுதலாக வேண்டும். வடிகட்டி இருக்கிறதே என்று நான் விட்டதுதான் பெரிய தப்பு.

டாக்டர் சொன்ன கணக்கில், காய்ச்சல் வருவதானால் மூன்று வாரத்துக்குள் வந்துவிடும். காலை ஆறு மணி ராணிப்பேட்டை பஸ்ஸுக்கு நான் வழக்கமாக வேறு தெரு வழியாகத்தான் போவேன். அந்த மூன்று வாரமும் ஏகாம்பரம் வீட்டு வழியாகப் போனேன். ஜன்னலருகே அரை நிமிடம் நிற்பேன். தறிச் சத்தம் கேட்கும். நடு நாடா, பிறகு கரை நாடா. இரண்டும் கேட்டால் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். நடையைக் கட்டுவேன்.

இருபத்தோராம் நாள் நின்றபோது சத்தம் இல்லை. ஜன்னல் பக்கம் இன்னும் நெருங்கினேன். கதவு திறந்தது. சரசு கையில் டம்ளரோடு நின்றது.

"தினம் ஜன்னலாண்டயே நின்னு கேட்டுக்கினு போறீங்களே, இன்னைக்கு உள்ள வாங்க. புடவை முடிஞ்சு தறியிலிருந்து அறுத்தாச்சு. அவரு குளிக்கிறாரு."

உள்ளே தறி காலியாக இருந்தது. மேல் விட்டத்திலிருந்து என் பக்கெட் தொங்கியது. குழாய் கீழே பானைக்குள் இறங்கியிருந்தது.

டம்ளரை வாங்கினேன். "வடிகட்டினதுதாண்ணா," என்றது சரசு. "சும்மா குடிங்க."