நிலுவையில் இருந்த மிளகாய்ப் பாத்தி

மனு பெற்ற மூன்று நாளில் ஒப்புகை, முப்பது நாளில் பதில். இதுதான் விதி. அரசுப் பணியில் இந்த வரியை எத்தனையோ கோப்புகளில் எழுதி, எத்தனையோ பேரைக் காக்க வைத்தவன் நான். ஓய்வு பெற்றபின் கும்மிடிப்பூண்டி வீட்டுக் கொல்லை மண்ணைச் சோதித்துத் தரும்படி நானே மனுக் கொடுத்தேன்.

காரணம் மிளகாய். ஆர்.கே.பேட்டையில் பயிர் வைக்கும் என் மனைவியின் தம்பி கொடுத்த விதைதான். அவர் நிலத்துக் காயை ஒன்று கிள்ளினால் வீடே தும்மும். எங்கள் கொல்லையில் விளைந்ததோ விரல் நீளம், நல்ல பளபளப்பு, காரம் மட்டும் இல்லை. பார்க்க வந்த மைத்துனர் இரண்டைப் பறித்து வெள்ளரிப்பிஞ்சு போல மென்றார்.

“இன்னா மாமா, வெண்டக்காய்க்கு பெயிண்ட் அடிச்சி வச்சிக்கிறீங்களா?”

“இந்த வருசம் கொழம்புத்தூளுக்கு உன் மிளகா ஒண்ணுகூட வாணாம்பா. எங்க காயே போதும்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: “சித்திரை வெயில்ல காயவச்சி அரைக்கணும். காரமில்லாத தூளா இருந்தா வருசம் பூரா நீங்களே சாப்டுங்க. நான் தம்பி ஊட்டுக்குப் போயிடுவேன்.”

குற்றம் மண்ணுடையது என்று முடிவு கட்டினேன். அங்கே சரளை கலந்த செம்மண், வறண்ட காற்று. இங்கே கனத்த மண், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. முறைப்படி குழி வெட்டி, மண்ணை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, சீட்டு எழுதி, மாசி முதல் வாரம் மண் பரிசோதனை நிலையத்துக்கு நேரிலேயே போய்க் கொடுத்தேன். மறுபடியும் மாதிரி கேட்கக்கூடும். கோப்பு நிலுவையில் இருக்கும்போது பொருளின் நிலையை மாற்றலாகாது. எனவே அன்றுவரை தினம் இரு வேளை ஊற்றிய தண்ணீரையும், அள்ளிப் போட்ட எருவையும் நிறுத்தினேன்.

தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“சார், செடி சாவுது. ஒரு பக்கெட் ஊத்தக்கூடாதா?”

“இன்னும் பதில் வரலம்மா.”

“லெட்டர் வரலன்னு செடிக்கு எப்டி சார் தெரியும்?”

நியாயமான ஆட்சேபணை. தலை தொங்கிய செடிகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சொம்பு அனுமதித்தேன். காய்கள் சிறுத்தன, சுருங்கின, ரத்தமாய்ச் சிவந்தன.

சித்திரையில் மைத்துனர் மறுபடியும் வந்தார். பழைய தைரியத்தில் முழுக்காயைக் கடித்தார்.

“அக்கா, தண்ணி! தண்ணி! ஐயோ, மோர் கீதா?”

மூன்றாவது டம்ளர் மோருக்குப் பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தண்ணி காட்டாம உட்டுட்டீங்களா மாமா? அதான். எங்க கெணத்துல தண்ணி கொறவு. செடி காஞ்சிக்கினே கெடந்தாதான் காரம் ஏறும். நீங்க முன்னாடி ஊத்தோ ஊத்துன்னு ஊத்திக்கினு இருந்தீங்க.”

மண்ணைச் சந்தேகித்ததற்கு மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வெளியில், எல்லாம் திட்டமிட்டே செய்ததாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான்காவது மோருக்கு டம்ளரை நீட்டினார். அரைத்த தூளை இப்போது மனைவி பாதிக் கரண்டிதான் போடுகிறாள். தம்பி வீட்டுப் பயணம் கைவிடப்பட்டது.

மண் மிளகாய்க்கு ஏற்றதே, நாள்தோறும் தாராளமாக நீர் பாய்ச்சவும் என்று சோதனை முடிவு கையெழுத்து, முத்திரையோடு வந்து சேர்ந்தது, வைகாசி மூன்றாம் தேதி.