கன்றுக்குட்டியின் சாட்சியம்

கன்று இல்லாமல் மாட்டைக் கறந்து காட்டச் சொன்னவன் நான். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு அவ்வளவுதான் அறிவு.

சிராங்கூன் சாலையில் நாங்கள் பால் வாங்கியது ஓர் அம்மாளிடம். இரண்டு மாடு வைத்திருந்தாள். மாட்டையும் கன்றையும் வாசலுக்கே ஓட்டிவந்து, நம் கண்ணெதிரே, நம் பாத்திரத்திலேயே கறந்து கொடுப்பாள். தண்ணீர் கலக்க வழியில்லை. அதற்குத்தான் தடை போட ஒரு புது விதி வரப்போவதாகச் சுகாதார ஆபீஸ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். இனி வீட்டு வாசலில் கறக்கக்கூடாது. சிமெண்டுத் தரை போட்ட கொட்டகையில் கறந்து, மூடிய தகர டின்னில்தான் விற்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் சொல்லலாம்.

சிமெண்டுக் கொட்டகைக்கு அவள் எங்கே போவாள்? ஆட்சேபத்துக்குத் தெருவே கைநாட்டு வைத்தது. நான் இங்கிலீஷில் ஒன்பது பக்க மனு எழுதினேன். விசாரணைக்கு மாட்டோடு போய், வெள்ளைக்காரத் துரை முன்னால் கறந்து காட்டுவதென்றும் முடிவு செய்தேன்.

"கன்னு வேணாம். கன்னுங்க ரோட்டுல ஓடுதுன்னுதான் அவங்க புகாரே" என்றேன்.

"கன்னு ஊட்டாம இது சுரக்காதுங்க ஐயா."

"எல்லாம் சுரக்கும். நான் இருக்கேன்ல."

ஆபீஸ் முற்றத்தில் அரைமணி நேரம் மடியைத் தடவினாள். சொட்டு விழவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

அவள் மாட்டைத் தூணில் கட்டினாள். "கன்னு வரட்டும். கறந்து காட்டாம இங்கேருந்து நகர மாட்டேன். இதை அப்படியே அவருகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். துரை மாட்டைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

நான் ஓடினேன். கோட்டும் தலைப்பாகையுமாக, வெயிலில், வராத கன்றை ஊர் சிரிக்க இழுத்துவந்தேன். அது முட்டியதும் பால் இறங்கியது. நுரை பொங்கிய செம்பை அவள் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல எங்கே தண்ணி இருக்கு, காட்டச் சொல்லுங்க."

அடுத்த மாதம் விதி வந்தது. வாசலில் கறக்கத் தடை என்ற வரி அதில் இல்லை.

அங்கே குமாஸ்தாவாக இருந்த நம்மூர்க்காரரிடம், என் மனு எப்படி என்று பெருமையோடு கேட்டேன்.

"முதல் பக்கத்தைத் தாண்ட முடியலைங்க. அடுத்த தடவை கன்னுக்குட்டியை மட்டும் அனுப்புங்க, போதும்லா."